மாடன் கொடையும் சனிக்கிழமைக் குவாட்டரும்

சேரன்மகாதேவிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தபோது, கண் மஞ்சளித்து, வயிறு உப்பிக் கிடந்த ஒரு கொத்தனார் என்னிடம் கேட்டார்: "சாமியே குடிக்காரு நர்ஸக்கா, நான் குடிச்சா மட்டும் பாவமா?"

அவர் சொன்னது எங்கள் ஊர்க் காவல் தெய்வமான சுடலைமாடனை. கொடைத் திருவிழா அன்று படைப்புச் சோற்றுக்குப் பக்கத்தில் சுருட்டும் சாராயமும் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாடனுக்கு வருஷத்துக்கு ஒரு கொடை. கொத்தனாருக்கோ சனிக்கிழமைதோறும் சம்பளம் கைக்கு வந்ததும் வெறும் வயிற்றில் ஒரு குவாட்டர், தொட்டுக்கொள்ள ஊறுகாய். பிறகு அது தினசரியானது. குவாட்டர் என்றால் 180 மில்லி. 42.8 சதவீதம் என்று கணக்குப் போட்டால் சுத்த ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 60 கிராம். ஒரே வேளையில் அவ்வளவு உள்ளே போவதைத்தான் உலக சுகாதார நிறுவனம் மிதமிஞ்சிய குடி என்கிறது. நம்மூரில் அதைக் கொஞ்சம் என்றே நினைக்கிறார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவர் மனைவி, எனக்கு மைனி, பீடி சுற்றிய காசில்.

பாவம் என்று சொல்லிவிட்டால் விஷயம் அவருக்கும் மாடனுக்கும் இடையிலான வழக்காகச் சுருங்கிப் போகும். வள்ளுவர் புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்தார். கள்ளுண்ணாமையை வைத்ததோ அரசும் அமைச்சும் பேசப்படும் பொருட்பாலில், 93ஆம் அதிகாரமாக. அடுத்தது சூது, அதற்கடுத்தது மருந்து. குடியை நாட்டுக் காரியமாகவே அவர் பார்த்தார் என்று நான் வாசிக்கிறேன். அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவும் மக்கள் உடல்நலத்தையும் மதுவிலக்கையும் சேர்த்தே அரசின் கடமையாகச் சொல்கிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மதுக்கடையை நடத்துவதும் அரசுதான். அப்படியிருக்க, விழுந்தவனை மட்டும் பாவி என்பதை என் மனம் ஏற்கவில்லை.

கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு நிறுத்திவிடுகிறேன் என்றார் கொத்தனார். விரதத்தை நான் மதிக்கிறேன். எத்தனையோ பேர் அந்த ஒரு மண்டலம் துளி தொடாமல் இருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் தினமும் குடித்துப் பழகிய உடம்பில் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுங்கலாம், வலிப்பு வரலாம், பேச்சு குழறிப் பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். சுற்றி நிற்பவர்கள் அதைச் சாமிக் குற்றம் என்று திருநீறு பூசிக்கொண்டிருப்பார்கள்.

"மாலை போடுங்க அண்ணாச்சி. அதுக்கு முன்னால ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில மனநல டாக்டரைப் பாத்து, எவ்வளவு குடிச்சீங்கன்னு மறைக்காமச் சொல்லுங்க. மைனியையும் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.