சுகாதார போதனையும் எளியோர் நிலையும்

சைவ வித்தியாசாலைகளிற் கற்பிக்கும் நாம் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் மாணாக்கருக்குச் செய்துவரும் உபதேசமொன்றுண்டு. நாடோறும் நீராடுக, தோய்த்துலர்ந்த ஆடையைத் தரிக்க, கொதித்தாறிய நீரைப் பருகுக, கீரையும் பழமும் பாலும் உண்க, காலத்தில் உறங்குக என்பன அதன் சாரம். இவற்றுள் ஒன்றேனும் பொய்யன்று. வைத்திய நூலாரும் சமய நூலாரும் ஒருங்கே உடன்படும் விதிகள் இவை. ஆயினும், விதியொன்றை உபதேசிப்போன் அதனை அனுட்டித்தற்கு வேண்டிய சாதனம் கேட்போனிடத்து உண்டோ இல்லையோ என்று ஆராயாமலே உபதேசித்தல் தருமமாகுமா என்பதும், கேட்டவன் செய்யாதொழிந்தவிடத்து அக்குற்றம் யாரைச் சாரும் என்பதும் நம்மவர் பெரும்பாலும் எடுத்து ஆராயாத விஷயங்கள். யானும் நெடுங்காலம் ஆராய்ந்திலேன்.

யான் படித்தது மிசன் பள்ளிக்கூடமொன்றில். அங்கே திங்கட்கிழமைதோறும் காலையில் நகம், பல், சட்டைக் கழுத்து ஆகிய மூன்றும் பரிசோதிக்கப்படும். சுத்தத்தைத் தெய்வ பத்திக்கு அடுத்த படியில் வைக்கும் ஆங்கில முதுமொழியொன்று சுவரிலே தொங்கும். குறை காணப்பட்ட பிள்ளைகள் வரிசையினின்றும் விலக்கி நிறுத்தப்படுவர். யான் ஒருநாளும் அவ்வாறு நின்றதில்லை. அதனை என் ஒழுக்கத்தின் பயனென்றே நம்பியிருந்தேன். எங்கள் வளவிலே வற்றாத நன்னீர்க் கிணறு ஒன்று இருந்ததென்பதும், என் தாயார் பகல் முழுவதும் வீட்டிலிருந்தார் என்பதும், எனக்கு நான்கு சட்டைகள் இருந்தன என்பதும் அவ்வொழுக்கத்தில் எத்துணைப் பாகம் என்று எண்ணிப்பார்க்கும் அறிவு அக்காலத்தில் எனக்கில்லை.

உபாத்தியாயனானபின் அப்பரிசோதனையை அவ்வாறே என் வகுப்பிலும் கைக்கொண்டேன். மாரிகாலத்து ஒரு வாரத்தில், ஐந்தாம் வகுப்பு மாணவனொருவன் மூன்று நாள் தொடர்ந்து அழுக்கேறிய சட்டையோடு வந்தான். காரணம் கேட்டேன், வாய் திறந்திலன். மூன்றாம் நாள் அவனை வகுப்புக்கு வெளியே நிற்கச் செய்தேன். அன்று மாலை, பெற்றோரைக் கண்டித்துரைக்கும் எண்ணத்தோடு அவன் வீட்டுக்குச் சென்றேன். வீடென்பது பிறர் காணியிலே ஓலையால் வேய்ந்த கொட்டில். ஒன்பது குடிகளுக்கு ஒரு கிணறு; அதுவும் ஒழுங்கைக்கு அப்பால். தாய் விடியுமுன் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குச் சென்று பொழுதுபட்டபின் திரும்புபவர். மகனுக்குப் பள்ளிச் சட்டை ஒன்றே. அதனை இரவிலே தோய்த்து அடுப்புக்கு மேலே கொடியில் உலர்த்துவது அவர் வழக்கம். அவ்வாரத்து மழையில் விறகும் நனைந்துபோகவே, சட்டை உலர்ந்திலது. ஈரச் சட்டை அணிந்தாற் சளி பிடிக்குமென்று வாத்தியார் சொல்லியிருக்கின்றார், ஆதலால் மழை விடும்வரையும் தோய்க்க வேண்டாம் என்று மகனே தாயைத் தடுத்துவிட்டானாம். அவ்வாறு போதித்த வாத்தியார் யானே. (சளி கிருமியால் உண்டாவதன்றி ஈரத்தால் உண்டாவதன்று, அது வேறு விஷயம்.) என் விதிகளுள் ஒன்றைக் காக்கும்பொருட்டு மற்றொன்றை மீறியவனையே யான் வெளியில் நிறுத்தினேன். கண்டிக்கச் சென்றவன், அத்தாய் தந்த வெறுந் தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஒருவனைக் குற்றவாளி என்று சொல்லுதற்கு, அவன் வேறுவிதமாய்ச் செய்ய வல்லவனாயிருந்தான் என்பது முதலிற் காட்டப்படல் வேண்டும். இந்நியாயத்தை நீதிமன்றத்திலே வற்புறுத்தும் நாம் வகுப்பறையிலும் கோயில் வீதியிலும் மறந்துவிடுகின்றோம். ஒருவனிடத்து இல்லாத பொருளை அவனிடத்து இல்லாத குணமாகப் பெயர் மாற்றி வழங்குகின்றோம்.

இப்பெயர் மாற்றம் நம் நாட்டிலே எவ்வாறு நிகழ்ந்ததென்பதற்குக் கிணற்றினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லினூடே இறங்கித் தங்க, அதனைத் தோண்டியெடுத்து உயிர் வாழ்கின்றோம். ஆதலின் இங்கே கிணறு உடையவனே நீர் உடையவன். அக்கிணற்றின் துலாக்கயிற்றைத் தொடுதலாகாதென விலக்கப்பட்ட குடிகள், குடங்களோடு சற்றுத் தூரத்தில் நின்று, அள்ளி ஊற்றுவாருக்காகக் காத்திருந்தமையை நம் பெற்றோர் கண்டிருக்கின்றனர். குடிக்கும் நீருக்கே காத்திருப்பவர் நீராடுதற்கு எவ்வளவு பெறுவர்? நீரை மறுத்தவர்களே, பின்பு அவர்கள் அசுத்தராயிருத்தலால் விலக்கினோம் என்றும் சொல்லினர். விலக்கினால் அழுக்கு உண்டாயிற்று. அழுக்கு விலக்குக்குக் காரணமாய்க் காட்டப்பட்டது. சமஆசனம் பற்றிய ஆணை பிறந்தபோது, 1930ஐ அடுத்த காலத்தில் இக்குடாநாட்டிலே சில வித்தியாசாலைகள் தீக்கிரையாயின. அத்தீயை வைத்தவர்களுள் எத்தனை பேர் தினந்தோறும் இருமுறை நீராடும் ஆசாரசீலர்களோ யாம் அறியோம்.

சாதி பற்றி விலக்குதலைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. பொதுக் கிணறுகளும் குழாய்களும் பெருகின. இனி இவையெல்லாம் பழங்கதை என்பார் உளர். கிணற்றைப் பற்றிய அளவில் அது பெரும்பாலும் மெய்யாகலாம். நிலத்தைப் பற்றி அவ்வாறு கூற யான் துணியேன். முருங்கையை எடுத்துக்கொள்வோம். எளியவர்க்கு எட்டாத உணவுகளைப் போதிக்கின்றீர் என்று ஆட்சேபித்தால், நம்மவர் உடனே சொல்லும் விடை முருங்கையிலை. விலையில்லாதது, வேலியில் வளர்வது, சத்துமிக்கது என்பர். வேலியில் வளர்வது என்பதிலேதான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. வேலி யாருடையது? பிறர் காணியிற் குடியிருப்போன் அங்கே ஒரு கதியால் நடுதற்கும் காணிக்காரரின் உத்தரவு வேண்டும். மரம் வேரூன்றினால் உரிமையும் வேரூன்றும் என்று அஞ்சி அவ்வுத்தரவைக் கொடாதவர் பலர். 1990இல் வலிகாமம் வடக்கினின்றும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களுட் சில, கால் நூற்றாண்டுக்கு மேலாக நலன்புரி நிலையங்களிலே கிடந்தன. தம் ஊரிலே வாழையும் தோடையும் வைத்துண்டவர்கள் அங்கே கீரைப்பிடியைக் காசு கொடுத்து வாங்கினர். கீரையின் குணத்தை அவர்களுக்கு நாம் என்ன புதிதாய்க் கற்பித்திருத்தல் கூடும்?

இவ்வுண்மையை மேல்நாட்டு வைத்தியரும் நெடுநாளைக்கு முன்னரே கண்டனர். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தது 1848இல். அவ்வாண்டின் தொடக்கத்திலே, ருடோல்ப் விர்ச்சோ என்னும் 26 வயது வைத்தியர், மேல் சைலீசியா என்னும் மாகாணத்திற் பஞ்சத்தோடு பரவிய தைபசுச் சுரத்தை ஆராயுமாறு பிரசிய அரசினரால் அனுப்பப்பட்டார். அரசினர் எதிர்பார்த்தது மருந்தும் சுத்த விதிகளும். அவர் எழுதிக் கொடுத்ததோ, அச்சனங்களுக்குக் கல்வியும் சுதந்திரமும் செல்வமும் வேண்டும், வரிப்பாரம் எளியவரை விட்டு நீங்கவேண்டும், அவர்களுடைய போலந்து பாஷை அரசகரும பாஷையாதல் வேண்டும் என்பதாம். அரசினர் மகிழ்ந்திலர் என்று சொல்லவும் வேண்டுமோ?

வறுமையின் கடையெல்லையிலே மாத்திரம் இது மெய் என்று கருதுவார்க்கு மற்றோர் ஆராய்ச்சியைக் காட்டலாம். 1967இல் தொடங்கி, இலண்டனில் அரசாங்க உத்தியோகத்திலிருந்த 17,000க்கு மேற்பட்ட ஆடவரைப் பல்லாண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். அவர்களுள் பட்டினி கிடப்பார் ஒருவரும் இலர். எனினும் மிகக் கீழ்ப்படியிலுள்ளாரின் மரண வீதம், மிக மேற்படியிலுள்ளாரினதிலும் ஏறக்குறைய மும்மடங்காயிருந்தது. இடையிலுள்ளார் படிப்படியே இடையில் நின்றனர். கீழ்ப்படியிலுள்ளார் அதிகம் புகைபிடித்தது மெய்யே. ஆயினும் புகைபிடியாதாரை மாத்திரம் எடுத்து ஒப்பிட்டபோதும் அவ்வேற்றத்தாழ்வு மறைந்திலது. தன் வேலையில் தன் இச்சைப்படி ஒன்றும் செய்ய இயலாதிருத்தலும் நோய்க்கு ஒரு காரணம் என்று பின்வந்த ஆராய்ச்சியாற் கூறினர்.

இலண்டன் வரையும் செல்ல வேண்டுவதுமில்லை. 2022ஆம் ஆண்டை நாம் மறந்துவிட்டோமா? அவ்வாண்டு செத்தெம்பர் மாதத்தில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன் இருந்ததிலும் 90 வீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. பால்மாவை நிறுத்தினோம், பழத்தை நிறுத்தினோம். சமையல் வாயு இல்லாமையால், கொதித்தாறிய நீரை உபதேசித்த நாமே கிணற்று நீரை அள்ளியபடி குடித்தோம். எரிபொருள் வரிசையில் நின்று உறக்கம் இழந்தோம். ஆயினும் அவ்வாண்டில் நாம் ஒழுக்கங் கெட்டுவிட்டோம் என்று நம்முள் ஒருவரும் தம்மை நினைந்திலர். காலம் அப்படி என்றோம். சிலருக்குக் காலம் எந்நாளும் அப்படியே இருக்கின்றது.

நிற்க. இவ்வாறு பேசுதல் எளியவரின் முயற்சியைக் கெடுக்கும் என்று என் நண்பராகிய உபாத்தியாயர் ஒருவர் சொல்லினார். ஒரு சட்டையை இரவிலே தோய்த்து உலர்த்திய அத்தாயையே அவர் எனக்கு எதிராக எடுத்துக் காட்டினார்: மனமிருந்தால் வறுமையிலும் சுத்தம் கூடும் என்பதற்கு அவர் சான்றல்லவா? சான்றுதான், யான் மறுத்திலேன். ஆனால் எனக்குக் குழாயைத் திருப்பும் கணப்பொழுதில் முடியும் காரியம், அவருக்குப் பகல் முழுவதும் குனிந்து நின்ற முதுகோடு ஒரு சாம உறக்கத்தை விற்று வாங்கவேண்டிய காரியம். அவ்விருவர்க்கும் ஒரே அளவு கோலை வைத்து, தவறாத எனக்குப் புகழும், ஒரு வாரம் தவறிய அவர்க்குக் கண்டனமும் கொடுத்தல் நீதியன்று. முயலாதே என்று அவருக்குச் சொல்லுமாறு யான் கேட்கவில்லை; அவர் முயற்சியின் விலையை நாம் அறியவேண்டும் என்றே கேட்கின்றேன்.

மற்றோர் ஆட்சேபம் நம் சமயத்தின் பெயரால் வருவது. அவரவர் பிராரத்த வினைப்படி அவரவர் அனுபவிக்கின்றனர், நாம் செய்யத்தக்கது யாது என்பர். இது சித்தாந்தத்தைப் பாதியில் நிறுத்திப் பேசும் பேச்சு. ஒருவன் தாகத்துக்கு அவன் முன்வினை காரணமாகுக. கையிலே நீர் வைத்துக்கொண்டு அதனை அவனுக்கு மறுத்த செயல் மறுத்தவனுக்கு ஆகாமியமாய் ஏறும் என்பதையும் அச்சித்தாந்தமே கூறுகின்றதன்றோ? பிராரத்தம் என்னுஞ் சொல், துன்புறுவோன் தன்னைத் தேற்றிக்கொள்ளுதற்கு உரியது. அயலான் அதனைக் கடன் வாங்கித் தன் கையை மூடிக்கொள்ளுதல் சொல்லையும் சமயத்தையும் பழிப்பதாகும்.

எங்கள் வித்தியாசாலையில் இப்போது காலைப் பரிசோதனை இல்லை. முதல் மணிக்கு அரைமணி முன்னே கிணற்றடி திறக்கப்படுகின்றது. வாளியும் சவர்க்காரமும் அங்கே இருக்கும். யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதுவதில்லை. பழைய மாணவர் தந்த சட்டைகள் சில அலுமாரியில் உள்ளன. அவற்றைப் பிறர் காணக் கொடுத்த முதல் முறை, வாங்கிய பிள்ளை இரண்டு நாள் வரவில்லை. அதன்பின் ஆசிரியை ஒருவர் வீட்டுக்கே கொண்டுசென்று கொடுக்கின்றார். இவை சிறு காரியங்கள். நிலத்தைப் பற்றிய காரியம் வித்தியாசாலையால் ஆவதன்று. தம் வளவுகளிலும் கோயிற் காணிகளிலும் தலைமுறையாய் இருக்கும் குடிகளுக்கு இரண்டு பரப்பேனும் உறுதி எழுதிக் கொடுத்தல் யாரால் ஆகுமோ, அவர்களுட் பலர் இப்பத்திரிகையை வாசிப்பவர்களே.

அக்கொட்டில் இருந்த காணியில் இன்று கல்வீடு இருக்கின்றது. காணி இன்னும் பிறருடையதே. உரிமையாளர் கடல் கடந்த நாடொன்றில் வசிக்கின்றார். உறுதி குறித்து இருமுறை எழுதினேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது பேசலாம் என்று மறுமொழி வந்தது. மூன்று திருவிழாக்கள் கழிந்தன. இம்முறை உறுதியைப் பற்றி ஒன்றும் கேளாமல், மாரி தொடங்குமுன் மேற்கு வேலியில் நான்கு முருங்கைக் கதியால் நடுதற்கு மாத்திரம் உத்தரவு கேட்டு எழுதியிருக்கின்றேன்.