உற்சவ வாணமும் ஊரார் உறக்கமும்

எம்பெருமான் திருவீதி எழுந்தருளுங்கால் வாணம் விட்டு மகிழ்வது நெடுநாளைய வழக்கம், அதில் குற்றமில்லை. ஆயினும், நள்ளிரவு கடந்தும் அதிர்வேட்டு முழங்குமிடத்து, அதனைச் சட்டம் தடுக்கலாமா, தெய்வ காரியத்தில் காவலருக்கு என்ன வேலை என்னும் வினா எழுகின்றது.

சட்டம் தெளிவானதே. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசையெழுப்பும் வெடிகளை வெடித்தலாகாது என 2005-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏட்டில் குறையில்லை, குறை நடைமுறையில் உள்ளது. ‘பக்தர் மனம் புண்படுமே’ என்று அதிகாரி தயங்குகின்றார். ‘ஒருநாள்தானே’ என்று நாம் சமாதானம் சொல்கின்றோம்.

இத்தயக்கம் எதில் முடியும் என்பதற்குக் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துப் பரவூர் சான்று. அங்கே புற்றிங்கல் தேவி கோயிலில் போட்டி வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. அதனையும் மீறி வேடிக்கை நடந்தது. 2016 ஏப்ரல் 10 அன்று, பொழுது விடியுமுன், வெடிகள் வைத்திருந்த கொட்டகை தீப்பற்றி வெடிக்க, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மறுப்பு எழுத்தில் இருந்தது. அதனை நிலைநாட்டுவார் இல்லை. அன்றிரவு அதனைத் தடுத்திருந்தால் பலர் சினந்திருப்பர்; ஆயின், சினந்த அவர்கள் விடிந்ததும் வீடு திரும்பியிருப்பர் அன்றோ?

‘எல்லா வெடியும் விபத்தாகுமோ?’ எனலாம். ஆகாதுதான். ஆனால், நோயுற்ற முதியவரும், பச்சிளங்குழந்தையும், விடியலில் வேலைக்குச் செல்லும் தொழிலாளியும் அதிர்ந்து விழிக்கின்றனரே, அவர்களுள்ளும் அந்தர்யாமியாய் எழுந்தருளியிருப்பவன் யார்? வீதியில் அவனைக் கொண்டாடிக்கொண்டே வீட்டினுள் அவனை வருத்துதல் ஆராதனம் ஆகுமோ? நித்தியமும் இரவில் அமுது செய்வித்துத் திருக்காப்பிட்டபின் சந்நிதியே ஓசையடங்குகின்றது. பெருமானுக்குரிய அந்த அமைதி அவன் குழந்தைகளுக்கும் உரியதே.

ஆகவே, இரவில் வெடியை நிறுத்தச் சொல்லும் காவலர் பக்திக்குப் பகைவர் அல்லர். வாய்திறந்து முறையிடமாட்டாத எளியோரின் சார்பில் பேசுபவர். பெருங்கூட்டத்தின் நடுவே அவரைத் தனியே நிற்கவிடுவது நமக்கு அழகன்று. அவர் வந்து கைகாட்டுமுன், மணி பத்தானதும் நாமே திரியை அணைப்போமாக. அதுவும் ஒரு கைங்கரியமே.