அழிப்பதும் அறமோ?

பங்கு அலுவலகத்தின் பழைய கணினி காயலான் கடைக்குப் போகவிருந்தது. குடும்பங்கள் நம்மை நம்பி உரைத்த மணவாழ்வுத் துயரங்கள் அதன் வன்தட்டில் இருந்தன. நீக்கிவிட்டால் போதும் என்றே எண்ணியிருந்தோம். ஆனால் கோப்பை நீக்கும்போது, கணினி பெரும்பாலும் அட்டவணைக் குறிப்பை மட்டுமே அகற்றுகிறது. வேறெதுவும் மேலெழுதப்படும்வரை எழுத்து அங்கேயே கிடக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர் இருவர் 2003-இல் வெளியிட்ட கட்டுரைப்படி, அவர்கள் விலைக்கு வாங்கிய 158 பழைய வன்தட்டுகளுள் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே.

ஆகவே முழுதும் மேலெழுதி, தட்டையும் துளையிட்டுவிடுவதே நம்மை நம்பினோர்க்கு நாம் செய்யும் நீதி எனத் துணிந்தோம். இங்கேதான் மனம் தன் வேலையைக் காட்டியது. நம் நிர்வாகத்தைக் குறைகூறி ஒருவர் எழுதிய புகாரும் அதே தட்டில் இருந்தது. அதுவும் சேர்ந்தே மறையட்டுமே! இரகசியம் காப்பதும் குற்றம் மறைப்பதும் செயலளவில் ஒன்றாகவே தோன்றுகின்றன. சிறார் பாதுகாப்புக்கென 2019-இல் வத்திக்கானில் நடந்த கூட்டத்தில், கொடுமைகளுக்குச் சான்றாகியிருக்கக்கூடிய கோப்புகள் அழிக்கப்பட்டன, அல்லது உருவாக்கப்படவே இல்லை எனக் கர்தினால் ரெய்ன்ஹார்டு மார்க்ஸ் வெளிப்படையாகவே கூறினார். அங்கே அழித்தவர்கள் காத்தது யாரை?

புகாரைப் படியெடுத்து ஆயர் இல்லத்துக்கு அனுப்பினோம். அதன் பின்னரே துளையிடும் கருவியைக் கையில் எடுத்தோம்.