துருப்பிடித்த கிங் பின்

வேதபகுதி: எரேமியா 23:29, சங்கீதம் 32:3-5



மழையே எட்டிப் பார்க்காத நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழி சீமையிலே இரும்பு துருப்பிடிக்குமா? பிடிக்கும். கொஞ்சம் ஈரமும் காற்றும் போதும். அதோடு உப்பும் சேர்ந்தால் துரு ஓடி வரும். தூத்துக்குடியில் உப்பு ஏற்றி, எட்டயபுரம், பந்தல்குடி வழியாக மதுரைக்குப் போகிற லாரிகளைப் பாருங்கள். உப்பளத்துச் சேறு முன் ஆக்சிலில் அப்பிக்கொள்ளும். அதன்மேல் நம்ம கரிசல் மண்ணும் ஒட்டினால் ஈரம் லேசில் காயாது.

அப்படி ஒரு லாரி ஓட்டுகிற நம்ம விசுவாசி ஒருவர், "ஸ்டியரிங் ரொம்ப இறுகிப் போச்சுங்கய்யா, திருப்புனா தானா நேராக மாட்டேங்குது" என்றார். அவரோடு நானும் பட்டறைக்குப் போனேன். வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, வீலைக் கழற்றினார்கள். கிங் பின் அசையவே இல்லை. வண்டிக்காரரோ, "மேல கிரீஸ் அடிச்சு, பெயிண்ட் பூசி விடு தம்பி, நாளைக்கு லோடு இருக்கு" என்கிறார். அந்த மெக்கானிக் தம்பி சொன்னார்: "அண்ணாச்சி, இந்தப் பின்னைப் பிடிச்சுத்தான் முன் வீலே திரும்புது. இப்படியே அனுப்புனா வளைவுல வண்டி உங்க பேச்சைக் கேக்காது."

என் உள்ளத்தில் ஆவியானவர் பேச ஆரம்பித்தார். வெள்ளையடிக்கப்பட்ட கல்லறை என்று பரிசேயரைப் பார்த்து இயேசு சொன்னது இதைத்தானே!

முதலாவது, துரு இடத்தை அடைக்கும். தின்ற இரும்பைவிடத் துரு அதிகமாகப் பருக்கும். அதனால்தான் லேசாகத் திரும்ப வேண்டிய பின் இறுகிப்போகிறது. வரப்புத் தகராறில் அண்ணனோடு பேசாத கசப்பும் இப்படித்தான். சின்னதாகத்தான் ஆரம்பிக்கும். பிறகு கர்த்தர் திருப்பினாலும் திரும்பாத இருதயமாகிவிடும். பாவத்தை மறைத்த நாளில் தன் எலும்புகள் உலர்ந்துபோனதாகத் தாவீது அழுகிறான்.

இரண்டாவது, சுத்தியலும் நெருப்பும் வேண்டும். முதலில் பூட்டுப் பின்னைக் கழற்றி, டீசலை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டார்கள். காலையில் சுத்தியலால் தட்டினார்கள். பிறகு அளவாகச் சூடு காட்டினார்கள். கண்டபடி சுட்டால் ஆக்சிலின் உறுதியே போய்விடுமாம். கர்த்தருடைய வார்த்தை அக்கினியும் சம்மட்டியுமானது. ஆனாலும் அவர் அளவு தெரிந்தவர். உன்னை உடைத்துப் போட அல்ல, விடுவிக்கவே தட்டுகிறார். அல்லேலூயா!

மூன்றாவது, குழி விழுந்த பின் உதவாது. ஆக்சிலை வயர் பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசலாம். ஆனால் துரு தின்று குழி விழுந்த கிங் பின்னை எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து மாட்டினால், புது புஷ்ஷையும் அது அரித்துவிடும். புதுப் பின்தான் போட வேண்டும். நமக்கும் பழைய இருதயத்துக்குப் பாலிஷ் அல்ல, எசேக்கியேல் 36:26 சொல்கிற நவமான இருதயமே தேவை.

நான்காவது, ஓட்டைக்கு நேராக ஓட்டை இருக்க வேண்டும். புஷ்ஷை இறக்கும்போது அதன் ஓட்டை, கிரீஸ் நிப்பிள் ஓட்டைக்கு நேராக இருக்கிறதா என்று அந்தத் தம்பி இரண்டு தடவை பார்த்தார். விலகியிருந்தால் எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் பின்னுக்குப் போய்ச் சேராது, மறுபடி துருதான். உபவாச ஜெபத்துக்கு வருகிறாய், கன்வென்ஷனுக்குப் போகிறாய், அபிஷேகம் உள்ளே இறங்கவில்லையே! கர்த்தருக்கு நேராக இருதயம் இருக்கிறதா, தேவபிள்ளையே?

அந்த வண்டிக்கு ஒரு லோடு போனது. ஆனால் ஒரு குடும்பம் தகப்பனை இழக்காமல் இருக்க வழி உண்டானது. உனக்கும் ஒரு நாள் நஷ்டமாகட்டும். வருகிற திருவிருந்துக்கு முன்னே, மத்தேயு 5:24 சொல்கிறபடி அந்தச் சகோதரன் வீட்டு வாசலுக்குப் போ. வாங்கின கடனை இல்லையென்று சொன்னாயானால் திரும்பக் கொடு. பெயிண்ட் பூசாதே.

ஜெபம்: ஆண்டவரே, என் உள்ளத்தின் துருவை உமது அக்கினியால் நீக்கும். நீர் திருப்புகிற பக்கம் திரும்ப எனக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.