தூண் பாறையில் நாற்பது நிமிஷம்

கொடைக்கானலில் தூண் பாறைக்கு எதிரே, கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு மூடுபனியை வெறித்து நிற்பவன், ஏறக்குறைய 400 அடி உயரமுள்ள மூன்று கற்றூண்கள் அதற்குள்ளே இருக்கின்றன என்பதைப் பக்தன் தெய்வத்தை ஒப்புக்கொள்வது போல நம்பிக்கையின் பேரில்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு ஆவணியில் நானும் அவ்விதம் நின்றேன். என் பின்னால் மனைவி, மாமியார், மைத்துனர், அவர் மனைவி, பழனியில் முடியிறக்குவதற்காக அழைத்து வந்திருந்த அவர்களுடைய குழந்தை ஆகிய ஐவரும் என் பொருட்டு நின்றார்கள்.

பனியை அளப்பதில் காமிராவுக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. எதிரே இருப்பது எதுவாயினும் அது நடுத்தரச் சாம்பல் நிறமே என்று அனுமானித்து வெளிச்சத்தைக் கணிப்பது அதன் சுபாவமாதலால், அதன் போக்கில் விட்டால் வெண்பனி அழுக்கு வேஷ்டியாகிவிடும். ஆகையால் யாவற்றையும் கைம்முறைக்கு மாற்றி, அபர்ச்சரை எட்டிலும், ஷட்டரை விநாடியில் அறுபதில் ஒரு பங்கிலும், ஐ.எஸ்.ஓ.வை நானூறிலும் நிறுத்தி, அது கேட்டதைப்போல் இரு மடங்கு வெளிச்சம் தந்து, லென்ஸில் படியும் ஈரத்தைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துக் காத்திருந்தேன்.

"மலை எங்கேயும் போயிடாதுங்க, குழந்தைக்குத்தான் பசி வந்துடும்" என்றாள் மனைவி. அது பழகிய வசனம், செவியில் தங்கவில்லை. சற்றுப் பொறுத்து மாமியார், "மாப்பிள்ளை, நான் வேணும்னா வண்டியிலே உக்காந்திருக்கட்டுமா? நீங்க நிதானமா எடுங்க" என்றார். முழங்கால் வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மனம் அவ்வளவு குன்றியிராது. நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. என் நேரத்தைத்தானே செலவிடுகிறேன் என்று எண்ணியிருந்த நான் அப்போதுதான் கணக்குப் பார்த்தேன்: ஐவருடைய நாற்பது நிமிஷங்களும் சேர்ந்தால் மூன்று மணி இருபது நிமிஷம்.

படத்துக்காகப் பொறுமை காப்பது இந்த மலைக்குப் புதிதன்று. 1899-இல் ஸ்தாபிக்கப்பட்ட இங்குள்ள சூரிய ஆராய்ச்சி நிலையத்தில், 1904 முதல் தலைமுறை தலைமுறையாக, வானம் இடங்கொடுத்த நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வந்திருக்கிறார்கள். 1907-இல் அங்கே பணிக்கு வந்து, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் கண்டறிந்த ஜான் எவர்ஷெட்டின் புகழ் சாஸ்திர உலகம் அறிந்தது. என் சிந்தனை சென்றதோ அவரோடு வந்த மனைவி மேரியிடம். கணவர் எப்போது வேலையை முடிப்பார் என்று அந்த அம்மையார் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தாந்தேயின் காவியத்தில் காணும் வான சாஸ்திரத்தைப் பற்றி அங்கிருந்த காலத்திலேயே ஒரு நூல் எழுதினார். சூரியனின் விளிம்பில் எழும் சுவாலைகளைக் குறித்து, கணவருடன் சேர்ந்து 1917-இல் ஆய்வேடு ஒன்றும் வெளியிட்டார். கணவர் எடுத்த படம் அவருக்கும் ஒரு வேலையாக இருந்தது. என்னுடன் வந்தவர்களுக்கு நான் எடுக்கும் படத்தில் என்ன பாத்தியதை கொடுத்தேன்? "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்பதைத் தவிர அவர்களுக்கு அந்தக் காமிராவைப் பற்றி வேறு ஒரு சொல் சொல்லியதாக ஞாபகம் இல்லை.

பனி விலகியது, ஒரு நிமிஷங்கூட இராது. படம் நன்றாகவே வந்தது, இல்லையென்பது பொய்யடக்கம்.

மறுநாள் காலை பிரையண்ட் பூங்காவில் நல்ல வெயில். எத்தனையோ பிரயாணங்களில் எடுத்த படங்கள் எதிலும் நான் இல்லாத குறையைப் போக்க எண்ணி, காமிராவை மைத்துனர் கையில் கொடுத்துவிட்டு, ரோஜாப் பாத்திக்கு முன்னே மற்றவர்களோடு போய் நின்றேன். அவர் ஆசையாக ஏழெட்டுப் படம் எடுத்தார். இரவு விடுதி அறையில் பார்த்தால், பூவும் மனிதரும் ஒன்றாய்ச் சுண்ணாம்பில் கரைந்துபோயிருந்தோம். முந்தின நாள் பனிக்கென்று நான் வைத்த அளவுகளை மாற்றாமலே கொடுத்திருக்கிறேன்! அதற்குள் அவர், "நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போல, அத்தான்" என்றார். "இல்லை, பிசகு என்னுடையது" என்று சொல்ல எனக்கு ஒரு கணம் தாமதமாயிற்று. அந்தப் படங்கள் பாழானதைவிட அந்த ஒரு கணந்தான் இன்றும் என்னை உறுத்துகிறது.

அடுத்த நாள் மலைப் பாதை வழியாகப் பழனிக்கு இறங்கினோம். குழந்தைக்கு அடிவாரத்தில் முடியிறக்கி, தலையில் சந்தனம் பூசினார்கள். சந்தனத்தின் குளிர்ச்சியில் அழுகையை நிறுத்திவிட்டுத் தன் தலையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டது. 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் செல்போனும் காமிராவும் கொண்டுபோகக் கூடாது என்பதால், இரண்டையும் கீழே ஒப்படைத்துவிட்டு, டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு விஞ்சில் ஏறினோம்.

தரிசனம் முடிந்து வெளியே வந்தோம். தெற்கே, நாங்கள் இறங்கி வந்த மலைத்தொடர் நீலமாய்ப் படுத்திருந்தது. நான் அதைப் பார்த்தபடி சற்று நின்றிருப்பேன் போலும். மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுவரோரமாய் ஒதுங்கி, "படம் எடுக்கணும்னா எடுங்க மாப்பிள்ளை, நான் நிக்கிறேன்" என்றார்.

காமிரா கீழே இருக்கிறது என்று அவருக்கு நான் நினைவூட்டவில்லை. அவர் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன்.