நீ யாருடைய ரசிகன்?

திண்டிவனம்–புதுச்சேரி சாலையை விட்டு உள்ளே போனால் இரும்பை. அங்குள்ள மாகாளேசுவரர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். மூன்றாகப் பிளந்த லிங்கத்தைச் செப்புத் தகட்டால் கட்டி வைத்து வழிபடுகிறார்கள். அது பிளந்ததற்கு ஊரில் சொல்லும் கதை கடுவெளிச் சித்தருடையது. கோயில் விழாவில் வள்ளி என்ற நடன மாது ஆடிக்கொண்டிருக்கிறாள். காற்சிலம்பு கழன்று விழுகிறது. ஆட்டம் தடைப்படக் கூடாதே என்று கூட்டத்திலிருந்த சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டிவிடுகிறார். சாமியார் ஒருவர் ஆட்டக்காரியின் காலைத் தொடுவதா என்று ஊரே கைகொட்டிச் சிரிக்கிறது. சித்தர் சினந்து பாடுகிறார், லிங்கம் வெடிக்கிறது.

இந்தக் கதையில் கெட்ட பெயர் யாருக்கு என்று பார்க்க வேண்டும். குனிந்த சித்தருக்கு இல்லை, ஆடிய வள்ளிக்கும் இல்லை. சிரித்த ஊருக்குத்தான். நடிகரின் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவனைப் பார்த்து நமக்கு வரும் சிரிப்பும் அந்த ஊர்ச்சிரிப்பின் வகைதான். ஒருவரின் கலைக்கு மனம் பறிகொடுத்தவன் தன் மதிப்பை இழந்துவிட்டான் என்று சொல்ல நியாயம் எதுவும் இல்லை. சபாவில் கண்மூடித் தலையாட்டுகிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லையே.

சித்தர் ஒரு விஷயத்தில் கொடுத்துவைத்தவர். அவர் தனி ஆள். அவரை யாரும் தலை எண்ணவில்லை. ரசிகர் மன்றம் என்று வந்துவிட்டால் கணக்கு வந்துவிடுகிறது: பதிவு எண், கிளை, ஒன்றியம், மாவட்டம்.

விழுப்புரம் பக்கத்து ஊர்களில் நாற்சந்திகளில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸ் ஒன்றை நின்று பார்த்தால் இது புரியும். முக்கால்வாசி இடத்தை நடிகர் எடுத்துக்கொள்வார். ஓரத்தில் மாவட்டப் பொறுப்பாளர், கைகூப்பியபடி. அடியில் தபால்தலை அளவில் வரிசையாக முகங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள், கைபேசியைக் காதில் வைத்தவர்கள், மீசை அரும்பாதவர்கள். ஒவ்வொரு முகத்தின் கீழும் பெயர். படிப்பும் வேலையும் கொடுக்காத அச்சடித்த பெயர் அது. அந்தப் பையன்கள் ஃபிளெக்ஸுக்குப் பணம் போடுவது நடிகருக்காக மட்டுமே என்று நினைத்தால் தப்பு. ஊரில் ஒரு சாவு விழுந்தால் ஃப்ரீசர் பெட்டிக்கு ஓடுவதும், பந்தலுக்குக் கால் நடுவதும், ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க ஆள் திரட்டுவதும் பல இடங்களில் இவர்களே. நடிகரின் பெயரைச் சொல்லிக் கூடியவர்கள், உண்மையில் ஒருவருக்கொருவர் உறவாகிறார்கள். மன்றத்தின் நல்லதெல்லாம் இந்தப் பக்கவாட்டு உறவில் இருக்கிறது. மேலே இருப்பவருக்கு இவர்களின் முகம் தெரியாது. தெரியாதது அவர் குற்றமும் இல்லை. அந்த முகங்களின் தொகையை அவர் செலவழிக்கத் தொடங்கும்போதுதான் கேள்வி எழுகிறது.

இந்த வட்டாரமே அதைப் பார்த்திருக்கிறது. 2002 ஆகஸ்டில் ரஜினிகாந்தின் ‘பாபா’ வெளியானபோது பாட்டாளி மக்கள் கட்சி (பாமக) அதை எதிர்த்தது. புகைப்பதையும் குடிப்பதையும் திரையில் காட்டி இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பது அக்கட்சியின் நிறுவனர் மருத்துவர் ராமதாஸின் குற்றச்சாட்டு. வட மாவட்டங்களில் திரையரங்குகள் தாக்கப்பட்டன, படச்சுருள் பறிக்கப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் ரஜினிகாந்த், பாமக நின்ற 6 தொகுதிகளிலும் அக்கட்சிக்கு எதிராக வேலை செய்யும்படி ரசிகர்களிடம் சொன்னார். அந்த ஆறில் திண்டிவனமும் ஒன்று. ராமதாஸின் தைலாபுரம் வீடு இருப்பதும் திண்டிவனத்தை அடுத்துத்தான். ஆறிலும் பாமக வென்றது.

ரசிகர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று அப்போது கேலி பேசினார்கள். அந்தக் கேலியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். முதல் காட்சிக்கு விசிலடித்தவன், வாக்குச்சாவடியில் தன் சாதியையோ, கூட்டணியையோ, தன் கணக்கையோ பார்த்து வேறு சின்னத்தில் குத்தியிருந்தால் அது துரோகமா? அவன் நடிகருக்குக் கொடுத்தது ரசனையை. வாக்கை அவன் கொடுக்கவே இல்லை. (சாதி பார்த்துப் போட்ட வாக்கு உயர்ந்ததா என்பது தனி வழக்கு.) உண்மையில் இக்கட்டில் மாட்டியவர்கள் மற்றவர்கள்தான்: சொன்னதைக் கேட்டு, சொந்தத் தெருவில், சித்தப்பன் மகனுக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்தவர்கள். தேர்தல் முடிந்தது. நடிகர் அடுத்த படத்துக்குப் போனார். அவர்கள் அதே தெருவில், அதே டீக்கடையில் இருந்தாக வேண்டும். பகையின் விலையைக் கட்டப் போகிறவனைக் கேட்காமல் பகைக்கு அழைப்பது, எவ்வளவு நியாயமான கோபமாக இருந்தாலும், சரியல்ல.

அப்படியானால் மன்றங்களைக் கலைத்துவிட்டால் தீருமா? அஜித்குமார் 2011-இல் அதைத்தான் செய்தார். நேர்மையான காரியம், தன் பெயரில் யாரும் வசூலிக்கவோ பேரம் பேசவோ கூடாது என்று ஒருவர் ஒதுங்குவது அபூர்வம். ஆனாலும் 2023 ஜனவரியில் அவருடைய ‘துணிவு’ வெளியான இரவு, கோயம்பேட்டில் திரையரங்கு வாசலில் லாரி மேல் ஏறி ஆடிய ஒரு இளைஞர் கீழே விழுந்து இறந்தார். மன்றம் இருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது. எனினும் மன்றம் இல்லாத கூட்டத்தில் “எறங்குடா கீழ” என்று அதட்டும் உரிமை யாருக்கும் இருப்பதில்லை. பெயர் தெரிந்த செயலாளர் ஒருவருக்கு அது உண்டு. கலைப்பதால் கணக்குத் தீர்கிறது, ஆள் தீர்வதில்லை.

இதை நினைவில் வைத்து விக்கிரவாண்டிக்கு வரலாம். 2024 அக்டோபர் 27 அன்று வி.சாலையில் நடிகர் விஜய் தொடங்கிய தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநாடு. கர்ப்பிணிகள், பள்ளிப் பிள்ளைகள், முதியோர் வர வேண்டாம் என்று விஜய் முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தார். அன்று வழியில் விபத்துகளில் இறந்தவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு செப்டம்பர் 27, கரூர்: விஜய்க்காக மணிக்கணக்காகக் காத்திருந்த கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் அடக்கம். சட்டப்படி யார் பொறுப்பு என்பது விசாரணையின் வேலை. சட்டத்துக்கு வெளியேயும் ஒரு பொறுப்பு இருக்கிறது. கூட்டத்தின் அளவைத் தன் பலமாகக் காட்டுகிற எவரும், எந்தக் கட்சியானாலும், அந்தக் கூட்டத்தின் தாகத்துக்கும் மூச்சுக்கும் சேர்த்தே கையெழுத்துப் போடுகிறார். வராதீர்கள் என்ற கடிதத்தோடு அது முடியாது. வந்துவிட்டவர்களுக்குத் தண்ணீரும், வெளியேற வழியும், சொன்ன நேரத்துக்கு வருகையும் வேண்டும்.

ரசிகனின் பங்கும் இல்லாமல் போகாது. அவன் கடன் மேலே இருப்பவரிடம் குறைவு, பக்கத்தில் நிற்பவனிடம் அதிகம். கைக்குழந்தையோடு வேனில் ஏற வரும் அக்காவிடம் “நீங்க வேணாங்க்கா, போன்ல பாத்துக்கலாம்” என்று கிளைச் செயலாளர் சொல்லலாம். சொன்னால் அவருடைய வேனில் ஒரு தலை குறையும், மாவட்டம் கேட்கும் எண்ணிக்கை குறையும், அடுத்த ஃபிளெக்ஸில் அவர் முகம் ஒரு வரிசை கீழே போகவும் கூடும்.