எந்தத் தெரு?

தன்னை எவரும் அறியாத ஊரில் தனியே உலாவும் ஒருவன் பெறுகின்ற விடுதலை மெய்யான விடுதலைதானா? திருவனந்தபுரத்தில் ஒரு பிற்பகலில் இக்கேள்வி எமக்கு எழுந்தது. அதற்கு விடை தேடுகையில் எமது பிழையொன்றும் வெளிப்பட்டது. பிழையை மறைத்து விடையை மட்டும் உரைத்தல் அறவுரை கூறுவோர்க்கு அழகன்று. ஆதலின் இரண்டையும் உரைக்கின்றோம்.

அந்நகரில் அன்பர் ஒருவர் இல்லத்தில் காலையில் எமது சொற்பொழிவு நிகழ்ந்தது. அது முடிந்தபின், சென்னை செல்லும் பேருந்துக்கு நான்கு மணி நேரம் எஞ்சியிருந்தது. தம்பானூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள இரயில் நிலையத்தில் மூட்டையை ஒப்படைத்துவிட்டு, வெறுங்கையினராய் வெளியே வந்தோம். யாம் இருபத்திரண்டு ஆண்டுகள் நூற்பாலையில் உழைத்தவர். ஆலைச் சங்கு ஊதினால் எழுவதும், சங்கு ஊதினால் உண்பதுமாகக் கழிந்தது அவ்வாழ்வு. எவருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத நான்கு மணி நேரம் எமக்குப் பெருஞ்செல்வமாகத் தோன்றிற்று.

கிழக்கேகோட்டைப் பக்கமாக நடந்தோம். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்பு தேங்காய்கள் உடைபடும் ஓசை கேட்டது. அதனைக் கடந்து, சாலை என்னும் பெயருடைய பழைய கடைவீதிக்குள் நுழைந்தோம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் ஏற்படுத்திய கடைவீதி அது. தென்தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய வணிகர் பலர் அங்குத் தொழில் நடத்துகின்றனர். வற்றல் மிளகாயின் நெடியும், பூக்கூடைகளின் மணமும், மலையாளமும் தமிழும் கலந்த பேரமும் ஒருங்கே எம்மைச் சூழ்ந்தன. எவரும் எம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாம் பிறந்த சிற்றூர்களில் ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்குள் காலை வைத்தால் எத்தனை கண்கள் பின்தொடரும் என்பதை நம் அன்பர்கள் அறிவார்கள். அங்கோ, யாம் நடந்து செல்லும் ஒரு மனிதர், அவ்வளவே. அந்நிலை எமக்கு மிக இனிதாயிருந்தது.

நிற்க. ஒரு தேநீர்க் கடையின் விசுப்பலகையில் அமர்ந்தோம். கடைக்காரர் தமிழர், எம்மினும் சற்று மூத்தவர்.

“அண்ணாச்சிக்கு எந்த ஊரு?” என்று வினவினார்.

சென்னை என்றோம்.

“சொந்த ஊரு?”

ஊரைச் சொன்னோம். அவர் முகம் மலர்ந்தது.

“அங்கே நமக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க. நீங்க எந்தத் தெரு?”

எந்தத் தெரு என்பது நம் நாட்டில் எப்போதும் முகவரி கேட்கும் கேள்வியாக மட்டும் இருப்பதில்லை. எம் நாவில் விடை தயங்கவில்லை. “கடைத்தெரு” என்றோம். அவர் தலையசைத்துவிட்டு வேறொருவருக்குத் தேநீர் ஆற்றச் சென்றார்.

அன்று காலையில் யாம் ஒரு மணி நேரம் பேசிய பொருள், பஞ்சசீலத்தின் நான்காவதாகிய பொய்யாமை!

கடையை விட்டு நீங்கி, மகாத்மா காந்தி சாலையில் வடக்கு நோக்கி நடந்தோம். முன்பு இனித்த நடை இப்போது இனிக்கவில்லை. மனம் தனக்காக வழக்காடத் தொடங்கிற்று. ‘கேட்டவன் உள்நோக்கத்தோடு கேட்டான், கேட்பது அவன் பிழை, பொய்யுரைத்தது தற்காப்பு’ என்று அது சொல்லிற்று.

இவ்வழக்கை எளிதில் தள்ளிவிடுதல் ஆகாது. அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டில் உயர்கல்வி கற்றுத் திரும்பி, 1917-இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். அந்நகரில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரால் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. பொதுப் பூங்கா ஒன்றில் அமர்ந்து, மும்பை செல்லும் இரயிலுக்காக அவர் காத்திருந்தார். அம்மாமேதை பெயரை மறைத்தார் என்று குற்றம் கூறத் துணிபவர் யார்? இன்றும் வாடகை வீட்டுக்காகவும் வேலைக்காகவும் தம் தெருவைச் சொல்லாதிருக்கும் நம் பிள்ளைகளை யாம் கடிய மாட்டோம். பூட்டிய கதவின் குற்றம், அதன் முன் நிற்பவனைச் சாராது.

ஆயினும் எமது நிலை அதுவன்று. எம்மை விரட்ட எவரும் வரவில்லை. தேநீரையும் குடித்து முடித்திருந்தோம். வாய்மூடி இருந்திருக்கலாம், ‘ஏன் கேட்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். மௌனம் வேறு, பொய் வேறு. யாம் பொய்யுரைத்தது உயிரையோ உறைவிடத்தையோ காக்க அன்று; அப்பிற்பகலின் இன்பம் கலையாதிருக்கவே. அவ்வின்பத்தின் வேர் எதுவென்று அப்போது விளங்கிற்று. எம்மை எவரும் அறியார் என்பதே அதன் வேர். அறியாமையின் மேல் நிற்கும் விடுதலை, ஒரு கேள்வி எழுந்தவுடன் ஆட்டங் கண்டுவிடுகிறது.

ஒருவனைத் தீமையினின்று விலக்கி நடத்தும் தலைமைகள் மூன்று என அங்குத்தர நிகாயம் கூறும். தன்னைத் தலைமையாகக் கொள்ளுதல், உலகத்தைத் தலைமையாகக் கொள்ளுதல், தம்மத்தைத் தலைமையாகக் கொள்ளுதல் என்பன அவை. நம்மை அறிந்தோர் இல்லாத ஊரில் உலகத்தின் கண் நம்மேல் இல்லை என்று எண்ணி விடுகிறோம். அப்போது எஞ்சுவன மற்ற இரண்டு. ஆதலால் தனிநடை என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. அது ஒரு சோதனையும் ஆகும். அச்சோதனையில் யாம் தேறவில்லை.

இவ்வாறு எண்ணியவாறே தலைமைச் செயலகத்தைக் கடந்து பாளையம் நோக்கிச் செல்கையில், பழைய மண்டபம் ஒன்றின் முன் நின்றோம். 1896-இல் விக்டோரியா அரசியின் பெயரால் எழுந்த மண்டபம் அது. 2019 முதல் அது அய்யங்காளி மண்டபம். திருவிதாங்கூரின் பிரஜா சபை கூடிய இடம். அய்யங்காளி தம் மக்களுக்காக 1912-இல் அச்சபையில் பேசினார்.

வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த புலையர் குலத்து உழவர் அவர். பொதுச் சாலைகள் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்று திருவிதாங்கூர் அரசு 1865-இலேயே அறிவித்துவிட்டது. ஆனால் ஏட்டில் திறந்த சாலை, காலுக்குத் திறக்கவில்லை. 1893-இல் அய்யங்காளி வெள்ளாடை உடுத்து, தலைப்பாகை அணிந்து, வில்லுவண்டி பூட்டி, தம் குலத்தார்க்கு மறுக்கப்பட்ட அச்சாலையில் ஏறிச் சென்றார். அவர் இன்னார் என்பதை வழியில் நின்ற அனைவரும் அறிவர். அறிந்தே தடுத்தனர், அறியப்பட்டே அவர் சென்றார். இருளில் மறைந்தோ வேற்றுப் பெயர் பூண்டோ சென்றிருந்தால் அவர் ஒருவர் ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம், சாலை திறந்திராது. யாம் அன்று கைவீசி நடந்த நடை, பலர் அடியும் உதையும் பட்டு ஈட்டித் தந்தது. அதன்மேல் நடந்துகொண்டே ‘கடைத்தெரு’ என்றோம்!

தேரகாதையில் சுனிதர் வரலாறு உண்டு. வாடிய பூக்களை அள்ளித் துப்புரவு செய்து பிழைத்தவர் அவர். நகருக்குள் வந்த பகவன் புத்தரைக் கண்டதும் காவடியைக் கீழே வைத்து வணங்கச் சென்றார். பகவன் அவருக்காக நின்றார். பிக்குவாக வருமாறு அழைத்தார். நீ யார், எத்தெரு என்று வினவவில்லை. சுனிதரும் தம் தொழிலை மறைத்து வந்தவரல்லர். கேட்பவன் பிறப்பைக் கேளாதிருப்பதும், வருபவன் தன்னை மறைக்காதிருப்பதும் கூடிய இடத்திலேதான் மெய்யான விடுதலை உண்டு. முன்னது நம் கையில் இல்லை. பின்னது நம் கையில் உள்ளது.

நூற்பாலையில் எமக்கு முதலில் கற்பித்த பாடம், அறுந்த இழையை உடனே சேர்க்க வேண்டும் என்பது. விட்டால், வரும் பஞ்செல்லாம் கழிவாகப் போகும். பேருந்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. வந்த வழியே சாலைக் கடைவீதிக்குத் திரும்பினோம். கடைக்காரர் எம்மை அடையாளம் கண்டுகொண்டார்.

“ஐயா, கடைத்தெரு என்று சொன்னது பொய். எம் வீடு சேரியில் இருந்தது. பெயர் கேட்டால் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள்” என்றோம்.

அவர் சிறிது நேரம் எம்மையே பார்த்தார்.

“இதைச் சொல்லவா திரும்ப வந்தீங்க? உக்காருங்க அண்ணாச்சி. பஸ் எத்தனை மணிக்கு?” என்றார்.

அவர் முதலில் சாதி அறியக் கேட்டாரா, உறவினர் வீட்டுக்கு அண்மையோ என்று கேட்டாரா, யாம் அறியோம். அவர் கேள்வியில் தீய நோக்கத்தை ஏற்றிக் கண்டதும் எமது இரண்டாவது பிழையாக இருக்கலாம். அவர் உள்ளத்தை அளப்பது எம் வேலையன்று. எம் இழையைச் சேர்த்தோம், அது போதும். இரண்டாவது தேநீருக்கும் காசு கொடுத்துவிட்டுத் தம்பானூர் வந்து பேருந்து ஏறினோம்.

அன்பர்களே, நெடுவழிப் பயணத்துக்கு முன் சிறிது பொழுது கிடைத்தால் புதிய ஊரின் தெருக்களில் தனியே நடந்து பாருங்கள். அது நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்ட இன்பம், கூசாமல் நுகருங்கள். ஆனால், எவரும் நம்மை அறியார் என்பதில் அவ்வின்பத்தை ஊன்றாதீர்கள். நம்மை எல்லாரும் அறிந்த பின்னும் தலைநிமிர்ந்து நடக்கக் கூடுமாயின், அத்தெருவே நம்முடைய தெரு.

எவ்வுயிரும் நலமுறுக.